நீரடி மீன்புகலிடம்

நீரடி மீன்புகலிடம் என்பது மீன்களை ஓரிடத்தில் திரட்டுவதற்காகவோ, அவை மேயவும் ஒளியவும் முட்டையிடவும் இடம் தருவதற்காகவோ ஏரி, குளம், நீர்த்தேக்கம், காயல் ஆகியவற்றில் மனிதர் இறக்கி வைக்கும் அமைப்பு ஆகும். வெட்டிய மரக்கிளைகள், முட்செடிகள், மூங்கில் கழிகள், ஓலைகள் ஆகியவை தொன்றுதொட்டு இதற்குப் பயன்பட்டு வருகின்றன. காங்கிரீட்டு வளையங்கள், நெகிழிக் குழாய்கள் போன்றவை பிற்காலத்தில் சேர்ந்தவை. கடலில் இதே நோக்கத்துடன் அமைக்கப்படுபவை செயற்கைப் பாறைத்திட்டுகள் எனப்படுகின்றன.

கிளைகளை இறக்கிய சில நாட்களிலேயே அங்கு மீன்கள் வந்து சேர்வதைக் காணலாம். ஆனால் நீர்நிலையில் மீன் பெருகியதா, அல்லது ஏற்கெனவே இருந்த மீன்கள் ஓரிடத்தில் திரண்டனவா என்பது பார்த்த அளவில் விளங்குவதில்லை. வலையில் விழும் மீனின் அளவு இரண்டு நிலைகளிலும் கூடுகிறது. முதல் நிலையில் அது விளைச்சல். இரண்டாம் நிலையில் அது இருப்பைக் கரைப்பது. இம்முறையைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளன.

செயல்படும் விதம்

மீன்கள் புதரை நாடுவதற்குப் பல காரணங்கள் உள்ளன. முதலாவது பாதுகாப்பு. சிறு மீன்களும் குஞ்சுகளும் நெருக்கமான கிளைகளுக்கிடையே புகுந்துகொண்டால் பெரிய மீன்களாலும் மீன்கொத்தி, நீர்க்காகம் முதலிய பறவைகளாலும் அவற்றை எளிதில் பிடிக்க முடிவதில்லை. இரண்டாவது நிழல். நிழலில் நிற்கும் மீனுக்கு வெளிச்சத்தில் இருப்பவை நன்கு தெரியும். வெளிச்சத்தில் இருப்பவற்றுக்கு நிழலில் நிற்கும் மீன் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே ஒளிய வரும் கெண்டைக் குஞ்சும் அதை வேட்டையாட வரும் விராலும் ஒரே புதரைத் தேடி வருகின்றன. புதரின் இடைவெளிகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைப் பொறுத்து அது குஞ்சுகளுக்குக் கோட்டையாகவோ பொறியாகவோ அமைகிறது.

மூன்றாவது காரணம் உணவு. நீரில் மூழ்கிய எந்தப் பரப்பின் மீதும் சில நாட்களில் வழுவழுப்பான ஒரு படலம் படிகிறது. பாக்டீரியா, பாசி, நுண்ணுயிர்கள், அவற்றை உண்ணும் புழுக்கள், பூச்சிகளின் இளம்பருவங்கள் ஆகியவை சேர்ந்த இதனை ஒட்டுயிர்ப் படலம் எனலாம். ரோகு, ஜிலேபி போன்ற மீன்கள் இப்படலத்தைச் சுரண்டி உண்ணுகின்றன. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் கட்லாவுக்கு இதனால் நேரடிப் பயன் குறைவு.

இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். 3 செ.மீ. விட்டமுள்ள மூங்கில் கழி 1.5 மீட்டர் ஆழத்துக்கு நீரில் நின்றால், அதன் மூழ்கிய பரப்பு சுமார் 0.14 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் குளத்தில் இத்தகைய 10 கழிகள் நட்டால், ஏறத்தாழ 1.4 சதுர மீட்டர் புதிய பரப்பு கிடைக்கிறது. அதாவது மீன் மேயும் நிலம் இரு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. ஆயினும் பாசி வளர ஒளி வேண்டும். கலங்கிய குளத்தில் ஒளி அரை மீட்டர் ஆழம் மட்டுமே செல்லுமாயின், பாசி வளரக்கூடிய புதிய பரப்பு அரைச் சதுர மீட்டருக்கும் குறைந்துவிடும். ஒரே அளவு மூங்கில் தெளிந்த நீரில் தரும் பயனைக் கலங்கிய நீரில் தராதது இதனால்தான்.

கழிகள் நட்ட குளங்களில் மீன் உண்மையிலேயே கூடுதலாக வளர்கிறதா என்பதை 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்காளதேசத்தின் மைமன்சிங்கில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்திலும், மங்களூர் மீன்வளக் கல்லூரியிலும் ஆராய்ந்தனர். மங்களூரில் மூங்கிலுடன் கரும்புச் சக்கையும் வைக்கோலும் கூடச் சோதிக்கப்பட்டன. இத்தகைய பரப்புகள் உள்ள குளங்களில் ரோகு நன்கு வளர்வது தெரியவந்தது. குளம் மூடிய இடம் ஆதலால் வெளியிலிருந்து மீன் வந்து சேர்ந்தது என்று சொல்ல வழியில்லை. கிடைத்த கூடுதல் எடை புதிதாக விளைந்ததே. இம்முறை ஒட்டுயிர்சார் மீன்வளர்ப்பு என்ற தனித்துறையாகவே வளர்ந்துள்ளது.

நான்காவது காரணம் இனப்பெருக்கம். இது மீனுக்கு மீன் வேறுபடுகிறது. சாதாக் கெண்டையின் முட்டைகள் பசைத்தன்மை உடையவை. நீர்ச்செடிகளிலும் கிளைகளிலும் ஒட்டிக்கொள்பவை. எனவே செடிகளற்ற ஏரியில் கிளைகளை இறக்குவது அதன் பெருக்கத்துக்கு உதவக்கூடும். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகளோ மழைக்காலத்தில் ஓடும் ஆற்று நீரில் முட்டையிடுபவை. தேங்கிய நீரில் இயல்பாக இனம் பெருக்குவதில்லை. அவை இருக்கும் குளத்தில் எத்தனை புதர்கள் இறக்கினாலும் குஞ்சுகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டே ஆகவேண்டும். 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனுக்கும் முட்டையிடப் புதர் தேவையில்லை. ஆண் மீன் ஆழமற்ற அடித்தரையில் குழி பறிக்க, பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கிறது.

இலங்கை, இந்திய வழக்குகள்

இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள நீர்கொழும்புக் காயலில் கிளைப்புதர் மீன்பிடிப்பு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. சிங்களத்தில் இது மஸ் அத்து எனப்படுகிறது. ‘மஸ்’ மீனையும் ‘அத்து’ கிளைகளையும் குறிக்கும். காயலின் ஆழமற்ற பகுதிகளில் கண்டல் மரக்கிளைகளை வட்டமாக நெருக்கி ஊன்றி, சில வாரங்கள் விட்டுவைக்கின்றனர். பின்னர் புதரைச் சுற்றி வலையை வளைத்துக் கட்டி, கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே எடுத்துவிட்டு, உள்ளே சிக்கிய மீன்களை அள்ளுகின்றனர். கிளைகள் உப்புநீரில் மக்கிவிடுவதால் புதிய கிளைகள் தொடர்ந்து தேவைப்படுகின்றன. இத்தேவைக்காகவே நீர்கொழும்பில் கண்டல் மரங்களை நட்டு வளர்த்து, அளவாகக் கழித்து எடுக்கும் வழக்கம் உருவானது. மீன்பிடிப்புக்காகக் காடு அழிந்த கதைகள் பல உண்டு. மீன்பிடிப்புக்காகவே காடு நடப்பட்ட இடங்கள் அரிதானவை.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள அட்டமுடிக் காயலில் இதை ஒத்த முறை படல் என்று அழைக்கப்படுகிறது. மா, முந்திரி முதலிய மரங்களின் தழைகளையும் கிளைகளையும் குவித்து, சில வாரங்கள் கழித்து வலையால் சூழ்ந்து பிடிக்கின்றனர். கரிமீன் இதில் கிடைக்கும் விலையுயர்ந்த மீன்களுள் ஒன்று. புதரைத் தேடி வருபவற்றில் இளமீன்கள் மிகுதி என்பதும், அவை வளரும் முன்னரே பிடிபட்டுவிடுகின்றன என்பதும் இம்முறை மீது ஆய்வாளர்கள் கூறும் குறை. வலைக்கண்ணைப் பெரிதாக வைத்தால் இக்குறை பெருமளவு நீங்கும். ஆனால் பெரிய கண் வழியே தப்பிச் செல்லும் மீனுக்காகவும் உழைப்பும் தழையும் செலவாகியிருக்கின்றன என்பதே மீனவரின் கணக்கு.

அசாமிலும் வங்காளதேசத்திலும் ஆறுகள் தடம் மாறியதால் உண்டான ஏரிகளில், மழைவெள்ளம் வடியத் தொடங்கும் காலத்தில் கிளைகளை இறக்கி, ஆகாயத்தாமரையைக் கொண்டு மேலே மூடி, மூங்கில்களால் எல்லையிடுகின்றனர். நீர் குறையக் குறைய மீன்கள் இப்புகலிடத்துக்குள் ஒடுங்குகின்றன. குளிர்காலத்தில் அறுவடை நடக்கிறது.

மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் அடித்தரையில் எதையும் ஊன்றுவதில்லை. அங்கு பும்தி எனப்படும் மிதக்கும் தாவரத் திட்டுகளை வெட்டி வளையமாகக் கோத்து, அதனுள் மீன்களை ஈர்த்துப் பிடிக்கின்றனர். இவ்வளையங்கள் அத்தபும் எனப்படுகின்றன. 1983இல் இதாய் தடுப்பணை கட்டப்பட்ட பின்னர் ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே இருந்ததால் பும்திகளின் இயல்பு மாறியது. ஏரியைக் காக்க 2006இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் மையப்பகுதியில் அத்தபும் அமைப்பதைத் தடை செய்தது. 2011 நவம்பரில் அதிகாரிகள் பும்திகளின் மேலிருந்த மீனவர் குடிசைகள் நூற்றுக்கணக்கானவற்றை அகற்றினர், அவை எரிக்கப்பட்டன. ஏரியின் நலமா, அதில் வாழ்ந்தோரின் உரிமையா என்ற வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. நீர்மட்டத்தை நிலைநிறுத்தும் அணையைப் பேசாமல் வளையங்களை மட்டும் பேசும் எந்தத் தீர்வும் பாதித் தீர்வே.

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் நொக்குவே ஏரியிலும் அதை அடுத்த காயல்களிலும் வழங்கும் அக்காட்சா இவ்வகைகளுள் மிக விரிவாக ஆராயப்பட்டது. 1972இல் வெளியான வெல்கம் என்பவரின் ஆய்வு, நெருக்கமாகக் கிளை நட்ட இடங்களில் ஓர் எக்டேருக்கு ஆண்டுக்குப் பல டன் மீன் கிடைப்பதைக் காட்டியது. அதே சமயம் கிளைகள் நீரோட்டத்தைத் தடுத்து வண்டல் படியச் செய்வதும், பொதுநீரில் வேலி போட்டவர்களே அதற்கு உடையவர் ஆகிவிடுவதும் அங்கு பெரும் பூசல்களுக்குக் காரணமாயின.

திரட்டலா, பெருக்கமா

செயற்கைப் பாறைத்திட்டுகளில் காணப்படும் மீன்கள் அங்கு உருவானவையா, இடம்பெயர்ந்து வந்தவையா என்ற வினாவை அமெரிக்க ஆய்வாளர் சேம்சு போன்சாக் 1989இல் தெளிவாக முன்வைத்தார். அவர் கருத்துப்படி விடை மீனினத்தையும் இடத்தையும் பொறுத்தது. ஒரு மீனினத்தின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது புகலிடப் பற்றாக்குறையே என்றால் புதிய புகலிடம் மீனைப் பெருக்கும். உணவுக் குறைவோ மிகைப்பிடிப்போ கட்டுப்படுத்துகிறது என்றால் புகலிடம் மீனைத் திரட்டி வலைக்குக் காட்டிக் கொடுக்கும். மிகுதியாகப் பிடிக்கப்பட்டு ஏற்கெனவே மீன் குறைந்துள்ள ஏரியில் புகலிடங்களுக்குப் பஞ்சமில்லை, மீனுக்குத்தான் பஞ்சம்.

இதன் கடுமையான எடுத்துக்காட்டு ஏரியில் அன்றி அரபிக்கடலில் காணப்பட்டது. அதில் தமிழக மீனவர்களும் தொடர்புடையவர்கள். குமரி மாவட்டத்துக் குளச்சல் பகுதியிலிருந்து கர்நாடகக் கரைக்குச் சென்ற தூண்டில் மீனவர்கள், தென்னையின் பகுதிகளைக் கட்டி நங்கூரமிட்டுக் கடலில் இறக்கிக் கணவாய் பிடித்தனர். தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் இம்முறை இழுவலையைக் காட்டிலும் மென்மையானதாகத் தோன்றும். ஆனால் கணவாய்கள் அவ்விடங்களுக்கு வந்தது முட்டையிடுவதற்காக. முட்டையிட வந்தவை பிடிபட்டன. இட்ட முட்டைகள் அந்தக் கட்டுகளிலேயே ஒட்டியிருந்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய திரட்டுப்பிடிப்பு அடுத்த தலைமுறைக் கணவாயையே குறைக்கக்கூடும் என்று எச்சரித்தது. அதே தென்னை ஓலை, பிடிப்பதற்கு அன்றி முட்டையிட மட்டும் விடப்பட்டிருந்தால் கணவாய் நாற்றங்காலாக இருந்திருக்கும்.

தமிழகக் குளங்களும் நீர்த்தேக்கங்களும்

தமிழ்நாட்டின் பாசனக் குளங்களில் நீரடிப் புதர்கள் பலவும் மீனுக்காக உருவானவை அல்ல. சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் குளங்களின் உட்பரப்பில் கருவேல மரங்கள் நடப்பட்டன. மழைக்காலத்தில் குளம் நிரம்பும்போது அடிமரங்கள் நீரில் மூழ்குகின்றன. மேற்கிளைகளில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன; கீழே மீன்கள் ஒதுங்குகின்றன. குளத்தைக் குத்தகைக்கு எடுப்போருக்கு இம்மரங்கள் இடைஞ்சல், ஏனெனில் அவற்றுக்கிடையே இழுவலை ஓட்ட முடியாது. அந்த இடைஞ்சலே சில மீன்கள் தப்பிப் பிழைக்க வழி செய்கிறது.

இதே இடைஞ்சலை வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு. மீன் வளர்ப்போர் இரவில் திருட்டு வலை விழாதிருக்கக் குளத்தினுள் முள் வெட்டிப் போடுவர். முள்ளில் சிக்கிய வலை கிழிந்துவிடும். காவலுக்காகப் போட்ட முள் மீனுக்குப் புகலிடமாகவும் மேய்ச்சல் பரப்பாகவும் ஆகிவிடுகிறது. சீமைக்கருவேலத்தின் கட்டை கடினமானது, எளிதில் கிடைப்பது, இப்பயனுக்கு ஏற்றதே. எனினும் காய்களோடு கிளைகளை இழுத்துவந்து போட்டால் கோடையில் வற்றிய குளத்தில் விதைகள் முளைக்கும்.

பாசன நீர்நிலைகளின் தனிச்சிக்கல் நீர்மட்ட ஏற்றத்தாழ்வு ஆகும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரங்களும் வெளியே தெரிகின்றன. நீர் நிறைந்திருக்கும்போது ஆழத்தில் கிடக்கும் கட்டிடம் சில மாதங்களில் கரையில் நிற்கிறது என்றால், மரக்கிளைகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கரையோரமாக இறக்கிய புதர் கோடையில் விறகாகக் காயும். கோடை மட்டத்துக்குக் கீழே இறக்கியது மழைக்காலத்தில் ஒளி எட்டாத ஆழத்தில் கிடக்கும். ஆகவே ஒரே மட்டத்தில் அன்றி, சரிவில் படிப்படியாகப் பல மட்டங்களில் அமைப்பதே நீர்த்தேக்கங்களுக்குப் பொருந்தும்.

பொருள்கள்

ஏரிகளில் மரமே பெரும்பாலும் போதுமானது. நீருக்கடியில் எப்போதும் மூழ்கியிருக்கும் கட்டை மெதுவாகவே மக்குகிறது. மூழ்கியும் வெளிவந்தும் கிடப்பது விரைவில் மக்குகிறது. அமெரிக்காவில் கிறித்துமசு முடிந்த பின் வீடுகளிலிருந்து சேகரிக்கப்படும் மரங்களைக் காங்கிரீட்டுக் கட்டிகளில் கட்டி நீர்த்தேக்கங்களில் இறக்குகின்றனர்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கழிவுப் பொருளை இறக்குவதன் விளைவுக்குப் புளோரிடாவின் ஆசுபோர்ன் திட்டு சான்று. 1970களில் அங்கு ஏறத்தாழ 20 இலட்சம் பழைய டயர்கள் கடலில் இறக்கப்பட்டன. கட்டியிருந்த கட்டுகள் அறுந்து, டயர்கள் அலைக்கழிந்து, அருகிலிருந்த இயற்கைப் பவளங்களை நொறுக்கின. அவற்றை மீண்டும் எடுக்கும் பணி பல ஆண்டுகள் நடந்தது. தமிழகக் கடலில் இன்று காங்கிரீட்டு வடிவங்களே பயன்படுகின்றன. தூத்துக்குடிக்கு அருகே அரிப்பால் சுருங்கி வந்த வான் தீவைச் சுற்றி 2015ஆம் ஆண்டு முதல் துளைகளுள்ள காங்கிரீட்டு அமைப்புகள் இறக்கப்பட்டன. அலையைத் தணிப்பது அவற்றின் முதல் வேலை. மீனும் அங்கு குடியேறியது.

மலை ஏரிகளில்

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் ஏற்காடு ஏரி அமைந்துள்ளது. உதகமண்டலம், கொடைக்கானல் ஏரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் உருவாக்கியவை. ஏற்காடு ஏரி இயற்கையானது. இது மீன்பிடிப்பைக் காட்டிலும் படகுச் சவாரிக்கே பெயர் பெற்றது. எனினும் மேலே கூறப்பட்ட முறைகளைச் சிறிய மலை ஏரி ஒன்றுக்குப் பொருத்திப் பார்க்க இது நல்ல எடுத்துக்காட்டு.

மலைகளில் குளிர்ச்சி காரணமாக மீன்வளர்ச்சி சமவெளியை விட மெதுவாகவே நிகழும். மெதுவாக வளரும் மீனை விரைவாகத் திரட்டிப் பிடித்தால் இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். சிறிய ஏரியில் இது இன்னும் விரைவில் தெரியும், ஏனெனில் பிடித்த இடத்துக்கு வேறெங்கிருந்தும் மீன் வந்து சேர வழியில்லை. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை வகை போன்று, கிளையில் முட்டை ஒட்டும் மீன்கள் உள்ள மலை ஏரிகளில் புதர்களை முட்டையிடும் இடங்களாக அமைத்து, அங்கு பிடிப்பைத் தவிர்ப்பது பயன் தரும். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907 முதல் குஞ்சு பொரிக்கப்பட்டு வந்த ட்ரவுட் மீனுக்கு இது பொருந்தாது. அது ஓடையின் சரளைக்கற்களில் முட்டையிடுவது. அதற்கு வேண்டியது கிளை அன்று, வண்டல் படியாத ஓடை.

கிளைகளுக்கு ஏற்காட்டில் குறைவில்லை. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களை ஆண்டுதோறும் மழைக்கு முன் கழிக்கின்றனர். காப்பிச் செடிகளையும் கவாத்து செய்கின்றனர். ஆனால் பச்சைத் தழையோடு அப்படியே ஏரியில் போடுவது தவறு. தழை அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. காற்று அசையாத இரவுகளுக்குப் பின், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திணறுவது இதன் அடையாளம். காற்றைச் சுவாசிக்க வல்ல விரால் தப்பும், கெண்டை தப்பாது. ஊர்க் கழிவுநீரும் கலக்கும் ஏரியாயின் இத்தீங்கு விரைந்து வரும். மேலும், தோட்டங்களில் மருந்து தெளித்த கிளைகளைத் தவிர்க்க வேண்டும். இலை உதிர்ந்து காய்ந்த கிளைகளைச் சிறிய கட்டுகளாகக் கட்டி, ஏரிப்பரப்பின் சிறு பகுதியில் மட்டும் இறக்குவதே பாதுகாப்பான முறை.

படகுகள் இயங்கும் ஏரியில் புதரின் உச்சி, கோடைக் குறைநீரிலும் துடுப்புக்கும் மிதிபடகின் சக்கரத்துக்கும் எட்டாத ஆழத்தில் இருக்க வேண்டும். படகுத்துறையை அடுத்தும் மக்கள் நீரில் இறங்கும் இடங்களிலும் இவற்றை அமைக்கலாகாது. மரக்கிளை மிதக்கும் பொருள் ஆதலால் ஒவ்வொரு கட்டுக்கும் போதிய எடையுள்ள கல் கட்டப்பட வேண்டும். கயிறு அழுகாததாயும் இருக்க வேண்டும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவிக்குச் செல்கிறது. கட்டு அவிழ்ந்த கிளைகள் மழைக்காலத்தில் முதலில் சென்று அடைப்பது இத்தகைய வழிந்தோடும் வாயைத்தான்.